மூன்று வெடிச் சத்தம்

சால்வே கரை,
ஜனவரி 16, 1967

அன்புள்ள தம்பி ஹார்விக்கு,

அக்கா ஹில்டா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. நீ ஷெட்லாந்துத் தீவில் சித்தி மகள் எல்ஸி வீட்டில் இருப்பது அவள் எழுதித்தான் எனக்குத் தெரியும். கூடப் பிறந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கப்பலேறிவிட்டாய். சாப்பாட்டைத் தொடுவதில்லையாம், யாரோடும் பேசுவதில்லையாம். உன் நாய்க்கு நான்தான் கஞ்சி ஊற்றுகிறேன். அதுவாவது ஒழுங்காகச் சாப்பிடுகிறது.

கடல் கொண்டுபோன உன் மச்சான் கிடைத்துவிட்டார். வியாழக்கிழமை, ஆற்று வாய்க்கு அந்தப் பக்கம், இறால் பிடிக்கப் போனவர்கள் பார்த்திருக்கிறார்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றார்கள். கோட்டைக் காட்டினார்கள், அது போதுமாக இருந்தது. அவரே வெட்டி அவரே தைத்த கோட்டு எனக்குத் தெரியாதா? வாத்து போட என்று உள்ளே பெரிய பை வைத்துத் தைத்தபோது நீ பண்ணிய கேலி நினைவிருக்கிறதா? "பை பெரிசாத்தான் இருக்கு மச்சான், உள்ள போட ஏதாச்சும் சிக்கணுமே!" அவரும் சேர்ந்துதான் சிரித்தார்.

உன் சிநேகிதன் நார்மன் வந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதான். அவன் சொன்னதை எழுதுகிறேன், தப்பிருந்தால் நேரில் வந்து திருத்து. விடியற்காலையில் நீங்கள் மூன்று பேரும் வாத்து வேட்டைக்குச் சேற்றுக்குள் இறங்கினீர்கள். கடல் ஏற ஆரம்பித்ததும் பெரிய ஓடையைத் தாண்டக் கூடாது என்று அவரிடம் சொல்லித்தான் அனுப்பினீர்கள். பனிமூட்டம் இறங்கியதும் நீயும் நார்மனும் கரைமேட்டுக்கு ஏறிவிட்டீர்கள். அவர் பின்னாலேயே வருவார் என்று நினைத்தீர்கள். அப்போதுதான் அந்தச் சத்தம். இரண்டு வெடி, தோட்டா மாற்றும் நேரம், பிறகு ஒன்று.

"பாருடா நார்மா, எங்க மச்சான் ஆகாசத்தைச் சுட்டுக்கிட்டு நிக்கிறாரு. ரெண்டும் போச்சு, மூணாவதும் போச்சு!" என்றாயாம். மறுபடியும் அதே மூன்று கேட்டபோது, "சத்தத்துக்குப் பயந்தே ஒண்ணு செத்து விழப்போவுது" என்றாயாம். இருவரும் சிரித்திருக்கிறீர்கள். மூன்றாம் தடவை கேட்டபோதுதான் உனக்கு உறைத்திருக்கிறது.

என் அடுப்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே நீதானடா அவருக்குச் சொல்லிக்கொடுத்தாய்? "மாட்டிக்கிட்டீங்கன்னா மூணு வெடி மச்சான். கொஞ்சம் நிறுத்தி மறுபடி மூணு. எங்க இருந்தாலும் ஓடி வந்துருவோம்." நீ சொன்னதை அவர் அப்படியே செய்தார். இரட்டைக் குழல் துப்பாக்கியில் மூன்றாவதற்குத் தோட்டா மாற்றித்தானே ஆக வேண்டும்?

கோபமில்லை என்று பொய் எழுத மாட்டேன். ராத்திரியில் உன்னைத் திட்டித் தீர்க்கிறேன். ஆனால் நீ கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுத் தண்ணீருக்குள் ஓடியதையும், கழுத்தளவு வந்த பிறகு நார்மன் உன் முடியைப் பிடித்து இழுத்து வந்ததையும், கரையில் கிடந்து நீ கத்தியதையும் அவன் சொன்னான். அதையும்தான் நினைத்துக்கொள்கிறேன். கடையில் ஒருத்தி உன்னைப் பற்றி வாயைத் திறந்தாள். "எங்க வீட்டு விஷயத்துல உனக்கென்னடி?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

ஏன் ஓடையைத் தாண்டினார் என்று நீயும் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பாய். கோட்டின் உள்பையில் ஒரு வாத்து இருந்தது. பொத்தான் போட்டு மூடியிருந்தார். முதல் வாத்து, தம்பி. அடிபட்டு அந்தப் பக்கம் விழுந்திருக்கும். அடிபட்டதைத் துடிக்கவிட்டு வரக் கூடாது என்பதும் உங்கள் சட்டம்தானே? அவர் புதுசு. எந்தச் சட்டம் பெரிது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை அடக்கம். சேற்றில் உயிர் போனவரை வண்டியில் ஏற்றாமல், கூட வேட்டைக்குப் போனவர்களே கரைமேட்டின் மேல் தூக்கிக்கொண்டு போவதுதானே நம் வழக்கம். டவுனிலிருந்து வந்த தையல்காரருக்கு அது செல்லுமா என்று சிலர் இழுத்தார்கள். ஒரு பறவைகூடக் கொண்டுவராதவர் வேட்டைக்காரரா என்று ஒருவர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார். நார்மன் அந்த வாத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். கேட்டவரே முதலில் தோள் கொடுக்க முன்வந்தார்.

பெட்டியைத் தூக்க ஆறில் ஐந்து பேர் ஆகிவிட்டார்கள். முன்பக்கம் வலது தோள், முதன்முதலில் அவரைச் சேற்றுக்குக் கூட்டிப்போனவனுடையது. அந்த இடத்தில் தானே நிற்பதாக நார்மன் சொன்னான், வேண்டாம் என்றுவிட்டேன். வெள்ளிக்கிழமைக் கப்பலைப் பிடித்தால் நீ வந்துவிடலாம். உன்னை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கேட்டால் நான் இருக்கிறேன்.

நீ வராவிட்டால் அந்த இடத்தில் நான்தான் நிற்பேன். யார் சொன்னாலும் கேட்க மாட்டேன். ஆனால் நான் குட்டை, உனக்கே தெரியும். பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். அவரை அப்படிக் கொண்டுபோக வைக்காதே, தம்பி.

கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். கப்பலேறும் முன் ஏதாவது சாப்பிடு.

உன் அக்கா,
ஹில்டா