பாறணைக்கு அவித்த இடியப்பம்

4 ஜூன் 1995, ஞாயிறு
மனோர் பார்க்கில் அம்பலவாணன் அடுப்பு மூட்டிவிட்டான். இடியப்பம், சொதி, சம்பல், நான் செய்கிற அதே சாமான். போய்ப் பார்த்தேன். பிழிகிறவன் மன்னார்ப் பெனடிக்ற், குழைக்கிறவள் கும்பகோணத்துக் கல்யாணி. அது சமையலறை இல்லை, பஸ் நிலையம்.

“என்ன ஸ்கந்தா, உன்ரை குடும்பக் கொம்பனி எப்பிடிப் போகுது?” என்று கேட்டான்.

“லண்டனிலை இடியப்பத்தைத் தொழிலாக்கினவன் ஆரெண்டு முதல் விசாரி,” என்று சொல்லிவிட்டு வந்தேன். அவனுடைய முகம் அவிந்துபோனது. (சிரித்தான் என்று என் மனிசி கமலாம்பிகை சொல்லுகிறாள். அவள் காருக்குள் இருந்தவள், அவளுக்கு என்ன தெரியும்.)

17 ஜூன், சனி
வாசுதேவன் வந்தார். மதுரைக்காரர், கார்த் தொழிற்சாலையில் இஞ்சினியர், ஒவ்வொரு சனியும் நம்மிடம் வாங்குகிறவர். கடைக்குப் பின்னால் சமையலறையைப் பார்க்கவேண்டும் என்றார். சிவமலர் மா குழைக்கிறாள், வசந்தமலர் பிழிகிறாள், அருள்நாயகி அவிக்கிறாள், கமலாம்பிகை பொதி கட்டுகிறாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “பிழியற இடத்துலதான் எல்லாம் தேங்குது. அங்க இன்னொரு கை போடுங்க, மத்தது தானா ஓடும்,” என்றார். எனக்கு இது முன்னமே தெரியும். மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போகும்போது இன்னொன்றும் சொன்னார். “நாலு பேரும் ஒரே வீடா சார்?”

“ஓம். என்ரை மனிசி, தம்பிமாற்றை மனிசிமார். ஒரே குடும்பம். ஒருத்தரும் விட்டிட்டுப் போகமாட்டினம், ஒருத்தரும் சண்டை பிடிக்கமாட்டினம். இதுதான் என்ரை பலம்.”

“பலம்தான். ஆனா நாங்க ஒரு பாகத்தை ஒரே இடத்துல வாங்க மாட்டோம். அவன் படுத்தா நாங்களும் படுத்துருவோம்.”

இடியப்பம் என்ன கார்ச் சில்லோ? படித்தவர்களுக்கு இதுதான் வருத்தம்.

2 ஜூலை, ஞாயிறு
பிழிகிற இடத்தில் கமலாம்பிகையையும் விட்டேன். பொதியை நானே கட்டுகிறேன். ஓடுது பார், ரயில் மாதிரி! இல்ஃபோர்ட் கடைகள் எல்லாம் நம்முடையவை. டூட்டிங்கில் இருந்துகூடக் கேட்டு ஆள் வந்தது. யப்பான்காரனும் இப்படித்தான் செய்கிறானாம். அவன் எங்கே பார்த்துப் பழகினானோ.

12 ஜூலை
கொழும்பில் இருந்து குலசேகரத்தின் போன். குலசேகரம் என் பெரியையாவின் மகன். ஊரில் இருந்து ஆள் வந்து என்ன செய்தி சொன்னாலும் எனக்குத்தான் போன் அடிப்பான், நான்தான் மற்றவர்களுக்குச் சொல்லுவேன். மூத்தவன் நான் அல்லவா. பெரியையாவுக்கு நெஞ்சில் சளியாம், ஊரில் மருந்து இல்லையாம்.

பெண்களிடம், “பெரியையா காலமை தோட்டத்துக்குத் தண்ணி இறைச்சிட்டுத்தான் தேத்தண்ணி குடிக்கிறவராம்,” என்று சொன்னேன். தொண்ணூறுக்குக் கிட்ட வயது. என்ன செய்ய, சொல்லும்போதே வாயில் அப்படி வந்துவிட்டது.

10 செப்டெம்பர், ஞாயிறு
கோயில் செயலாளர் பாலசுப்பிரமணியன் கூப்பிட்டுவிட்டார். கந்தசஷ்டி விரதம் முடித்து ஒக்ரோபர் 30, திங்கட்கிழமை காலமை பாறணை. விரதகாரர் வேலைக்குப் போகமுதல் சாப்பிட இடியப்பமும் சொதியும் நான் கொடுக்கவேணும். இது நல்லாய் நடந்தால் வருசம் முழுக்க வெள்ளிக்கிழமைச் சாப்பாடும் எனக்கு. அம்பலவாணனும் கேட்டவனாம். “உங்கட கை சுத்தமான சைவக் கை எண்டு சனம் சொல்லுது,” என்றார்.

கோயில் முழுக்க எழும்பி நின்று கைதட்டினது போல இருந்தது. வெள்ளிக்கிழமை கையில் வந்தால் அம்பலவாணன் அடுப்பை அணைத்துவிட்டுப் பெற்றோல் நிலையத்துக்கு வேலைக்குப் போகவேண்டியதுதான்.

19 ஒக்ரோபர், வியாழன்
ஊரில் பெரிய சண்டை தொடங்கிவிட்டது. குலசேகரம் அடித்தான். குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல.

“அண்ணை, ஐயா சாப்பாடு விட்டிட்டாராம். ஆக்களைப் பாத்து ஆரெண்டு மட்டுப்பிடிக்கிறேல்லையாம். மனதைத் தயார்ப்படுத்துங்கோ.”

போனை வைத்தபிறகுதான் உறைத்தது. பெரியையா கண்ணை மூடினால் நாங்கள் எல்லாரும் துடக்கு. நான், தம்பிமார், எங்களைக் கட்டின நாலு பெண்களும். முப்பத்தொரு நாளைக்குக் கோயில் வாசல் மிதிக்க ஏலாது, கோயிலுக்கு ஒரு பிடி மா குழைக்க ஏலாது. ஒரு ஆள் அங்கே போனால் இங்கே நாலு கையும் ஒரே நேரத்தில் நிற்கும்.

அவன் படுத்தா நாங்களும் படுத்துருவோம். அந்த மதுரைக்காரனுக்கு நாக்கில் கரியோ?

21 ஒக்ரோபர்
கமலாம்பிகை கேட்டாள், “இஞ்சேருங்கோ, ஒரு கதைக்குச் சொல்லுறன். அந்தக் கல்யாணியை ரெண்டு நாளைக்குக் கேட்டு வைச்சால் என்ன? பக்கத்துத் தெரு ராஜலட்சுமியும் வருவா.”

“அம்பலவாணன்ரை ஆள் என்ரை அடுப்பை மூட்டுறதோ? பிறகு ஊர் என்ன கதைக்கும்?”

“ஊரை விடுங்கோ. பெரியையாவுக்கு ஏதும் எண்டால்?”

“அவர் நூறு தாண்டுவார்.”

அவள் என்னைப் பார்த்த பார்வை நல்லாயில்லை.

25 ஒக்ரோபர், புதன்
விரதம் தொடங்கியது. இன்று போன் மூன்று தரம் அடித்தது. டூட்டிங் கடைக்காரன், காஸ்காரன், பிழை நம்பர். ஒவ்வொரு தரமும் நாலு பெண்களும் வேலையை விட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். அவிகிற தட்டில் ஆவி போகிற சத்தம் மட்டும்.

27 ஒக்ரோபர், வெள்ளி
யோசித்தேன். நல்லாய் யோசித்தேன். துடக்கு எப்போது தொடங்கும்? காதில் விழும்போது. கேட்காத சாவுக்குத் துடக்கு இல்லை, இது பெரியவர்கள் சொன்ன சாத்திரம். அப்போ திங்கட்கிழமை காலமை வரைக்கும் காதில் விழாமல் இருந்தால்?

பெண்கள் தேத்தண்ணி குடிக்கிற நேரம் பார்த்துப் போன் வயரைச் சுவரில் இருந்து கழற்றினேன். லைன் பழுது, ஆள் செவ்வாய்க்கிழமைதான் வருவான் என்று சொன்னேன். ரேடியோவையும் எடுத்து அலுமாரிக்குள் வைத்தேன். விரத நாளில் சண்டைச் செய்தி எதற்கு? சமையல் முடியும் வரைக்கும் எல்லாரும் எங்கள் மேல்வீட்டிலேயே தங்கட்டும் என்றேன், சுத்தமாய் இருக்கும் என்று. தம்பிமாருக்கும் சொல்லிவிட்டேன், இந்தப் பக்கம் வந்து குழப்பாதையுங்கோ.

பெரிய கொம்பனிக்காரன் ஒருத்தனுக்கும் இந்த மூளை வராது.

28 ஒக்ரோபர், சனி
மத்தியானம் கடைக் கதவில் தட்டினார்கள். திரையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். யாரோ ஒரு தமிழ் ஆள், கழுத்துத் துணி, குளிருக்குத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றான். செய்தி கொண்டுவந்தவனின் நிலைதான் அது. எனக்குத் தெரியாதா.

“ஆரெண்டு பாருங்கோவன் அத்தான்,” என்றாள் சிவமலர்.

“விளம்பரக்காரன்.”

அவன் திரும்பவும் தட்டினான். பிறகு போய்விட்டான்.

29 ஒக்ரோபர், ஞாயிறு
சூரன்போருக்குக்கூடப் போகவில்லை. மா குழைபடுகிறது, பிழிபடுகிறது, அவிபடுகிறது, ஒரு தட்டு ஒரு இடத்தில் தேங்கவில்லை. வசந்தமலரின் கையைப் பார்த்தால் மெசின் வெட்கப்படும். என் வாழ்க்கையில் இப்படி ஒரு நாள் வேலை நடந்ததில்லை. இது கலப்பில்லாத உண்மை.

நான் பொதி கட்டும்போது கமலாம்பிகை மெல்லச் சொன்னாள், “போன் சத்தம் இல்லாமல் வீடு செத்தவீடு மாதிரிக் கிடக்கு.”

“வாயைக் கழுவு!” என்று கத்திவிட்டேன். நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் ஒன்றும் கேட்கவில்லை?

30 ஒக்ரோபர், திங்கள்
எழுதக் கை வரேல்லை.

சொன்ன நேரத்துக்குத்தான் வானைக் கொண்டுபோய்க் கோயிலடியிலை விட்டனான். சனம் கை கழுவிக்கொண்டு வெளியிலை வருகுது. முன்னுக்கு அம்பலவாணன்ரை வான். பெனடிக்ற் வெறும் பெட்டியள் ஏத்திக்கொண்டு நிக்கிறான்.

பாலசுப்பிரமணியன் ஓடி வந்தார். “ஐயோ, நீங்கள் ஏன் வந்தனீங்கள்? சனம் வேலைக்குப் போகவேணும் எண்டு பாறணையை விடியவே வைச்சிட்டம். சொல்லுறதுக்கு வெள்ளி பின்னேரம் முழுக்கப் போன் அடிச்சன். சனிக்கிழமை எங்கட குருமூர்த்தியை அனுப்பினன், கதவு திறக்கேல்லையாம். ஊரிலையும் சண்டை. உங்களுக்குத் துடக்கு வந்திட்டுது, அதுதான் கதவைச் சாத்தியிருக்கிறியள் எண்டு நினைச்சம்...”

கழுத்துத் துணிக்காரன். குருமூர்த்தி. அவன் செய்தி கொண்டு வந்தவன்தான். வேற செய்தி.

அவ்வளவு இடியப்பமும் வானுக்குள்ளை ஆவி விட்டுக்கொண்டு இருந்தது.

31 ஒக்ரோபர், செவ்வாய்
வயரைத் திருப்பிக் கொழுவினேன். மத்தியானம் அடித்தது. குலசேகரம்.

“எங்கை அண்ணை போனனீங்கள்? வெள்ளிக்கிழமையிலையிருந்து அடிக்கிறன். வவுனியாவுக்கு வந்த ஆள் சொன்னது, ஐயா எழும்பி இருந்து கஞ்சி கேட்டு வாங்கிக் குடிச்சவராம். அதைச் சொல்லத்தான் அடிச்சனான்.”

கஞ்சி. கஞ்சி குடிச்சவராம்.

“இப்ப எப்பிடி?” என்று கேட்டேன்.

“ரேடியோ கேக்கேல்லையே அண்ணை? நேற்றுப் பின்னேரம் எங்கட வலிகாமம் முழுக்க ஊரை விட்டு வெளிக்கிட்டிட்டுது. நாவற்குழிப் பாலத்தாலை சனம் நடக்குதாம். மழையாம். ஐயா எங்கை எண்டு தெரியாது.”

சுற்றி நின்ற நாலு பேரும் என்னவாம் என்று கேட்டார்கள். முதல் தரமாக, கேட்டதை அப்படியே சொன்னேன்.

9 நவம்பர்
இரண்டு இல்ஃபோர்ட் கடை இன்று இடியப்பம் வேண்டாம் என்றது. ஒருத்தன் வாய் விட்டே கேட்டான், “அண்ணை, உங்களுக்குத் துடக்காமே? துடக்கோடை அவிச்சுக் கோயிலுக்கும் கொண்டுபோனனீங்களாம்?”

“எனக்குத் துடக்கில்லை! என்ரை பெரியையா உயிரோடை இருக்கிறார்!”

“அப்ப ஏன் கதவைப் பூட்டினனீங்கள்?”

பொதிகளைத் திரும்ப வானில் ஏற்றினேன்.

18 நவம்பர், சனி
வாசுதேவன் வந்தார். எப்போதும் வாங்குகிறதில் இரண்டு மடங்கு வாங்கினார். துடக்கு என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். “ஓ, தீட்டா?” என்றார். பழைய கதையை எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம்.

26 நவம்பர்
டூட்டிங்கும் போய்விட்டது. வசந்தமலர் பிழிகிறாள், தட்டு இப்போது பொதி கட்டுகிற இடத்தில் தேங்கி நிற்கிறது. வாங்க ஆள் இல்லாத தேக்கத்துக்கு எந்த இடத்தில் கை போடுவது?

11 டிசெம்பர், திங்கள்
பெரியையா கொடிகாமத்தில் போய்விட்டார். இடம்பெயர்ந்த சனம் தங்கியிருந்த பள்ளிக்கூட விறாந்தையில். போனை நான்தான் எடுத்தேன்.

அடுப்பை அணைத்தோம்.

12 டிசெம்பர்
செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, அயலவர்தான் சாப்பாடு கொண்டுவரவேணும். மத்தியானம் கதவு தட்டினார்கள். திரையை விலக்காமல் திறந்தேன். அம்பலவாணன். இரண்டு கையிலும் பாத்திரம். பின்னால் கல்யாணி சொதிச் சட்டியோடு.

“சாப்பிடு ஸ்கந்தா. வீட்டிலை எல்லாரும் பசியோடை இருப்பினம்.”

ஒரு நக்கல்கூட இல்லை. அது வந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

இடியப்பம் நல்ல மெத்தென்று இருந்தது. கமலாம்பிகை இன்னும் இரண்டு எனக்கு வைத்தாள்.

14 ஜனவரி 1996, ஞாயிறு
துடக்குக் கழிந்துவிட்டது. நாளைக்குப் பொங்கல். ஊரில் பொங்கலில்லை, இங்கேயும் இல்லை.

சிவமலரும் வசந்தமலரும் வந்து நின்றார்கள். “அத்தான், அம்பலவாணண்ணை எங்களைத் தன்ரை கடைக்கு ஷிப்ட் வேலைக்கு வரச்சொல்லிக் கேட்டவர். எங்களுக்கு ஒரே நாளிலை லீவு குடுக்கமாட்டாராம், மாறி மாறித்தானாம். நீங்கள் என்ன சொல்லுறியள்?”

“போங்கோ பிள்ளையள். அவனுக்குப் பிழிகிற இடத்திலை ரெண்டு கை வேணுமெண்டு சொல்லுங்கோ. நான்தான் அந்த முறையைக் கண்டுபிடிச்சதெண்டும் சொல்லுங்கோ.”

சிரித்தார்கள். எனக்காகச் சிரித்தார்கள்.

அவர்கள் போனபிறகு போனைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்தேன். சத்தம் வருகிறது. லைனில் ஒரு பழுதும் இல்லை.