வெட்டுப்படாமல் ஓடியவன்

அன்பு மகள் சாயோவுக்கு,

கியோத்தோவிலிருந்து அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் சுகம். இங்கே செர்ரிப் பூவெல்லாம் கொட்டி முடிந்து மரங்கள் இலை விட்டுவிட்டன. உங்கள் அவோமோரியில் ஆப்பிள் மரங்கள் இப்போதுதான் பூத்திருக்கும். மாப்பிள்ளை மரத்தின் மேலேயே குடியிருப்பார் என்று நினைக்கிறேன். சம்பந்தியம்மாவின் முழங்கால் வலி தேவலையா? எங்கள் இருவரின் வணக்கத்தையும் சொல்.

உன் கடிதத்தை அம்மா சத்தமாகப் படித்தாள். உனக்கு ஐந்தாம் மாதம் என்ற இடத்தில் நிறுத்தி, என்னைப் பார்த்து, மறுபடி முதலிலிருந்து படித்தாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் சோறு குழைந்துபோனது. இருவரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம்.

அதற்குக் கீழே நீ எழுதியிருந்ததையும் படித்தோம். கொட்டகையில் என் படம் பார்க்கப் போனாய், நான் வெட்டுப்பட்டு விழுந்ததும் அழுதுவிட்டாய், சம்பந்தியம்மா கையால் உன் கண்ணைப் பொத்தி, “பிள்ளைத்தாச்சி பாக்கிற காட்சியா இது? பெத்த அப்பன் செத்து விழறத எவளாவது பாப்பாளா?” என்று வெளியே கூட்டி வந்துவிட்டார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் பிள்ளை பிறந்த பிறகும் என் படங்களைக் காட்ட வேண்டாம் என்று சொன்னதாக எழுதியிருந்தாயே, அது எனக்குக் கொஞ்சம் வலித்தது. வெட்டுப்படுவதுதானே என் தொழில்? அதை எடுத்துவிட்டால் பேரப்பிள்ளைக்குக் காட்ட என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

“ஒரே ஒரு படத்திலாவது சாகாமல் வாங்க அப்பா” என்று முடித்திருந்தாய். எளிதாக எழுதிவிட்டாய், மகளே! குசே ஹன்ஜூரோ ஐயா நாடோடி வாள்வீரனாக நடிக்கும் படத்தில், அவர் எதிரே வாளோடு நின்ற எவன் பிழைத்திருக்கிறான்? அவர் எந்த ஊருக்குள் காலெடுத்து வைத்தாலும் நான் அங்கே வில்லனின் அடியாளாக முன்கூட்டியே போய்ச் சாகக் காத்திருப்பேன். ஒரே படத்தில் பாலத்தில் செத்து, டோப்பாவை மாற்றிக்கொண்டு சூதாட்ட விடுதியில் மறுபடி செத்ததெல்லாம் உண்டு.

இருந்தாலும் நீ கேட்டுவிட்டாய். வெட்கத்தை விட்டு இயக்குநர் நாகுராவிடம் போய் நின்றேன். முழுதும் கேட்டுவிட்டு, “யோவ் இனோ, உன்ன உயிரோட விட்டா ஜனங்க டிக்கெட் காசத் திருப்பிக் கேப்பாங்கய்யா. நீ சாகிறதப் பாக்கத்தான் பாதிப் பேரு வர்றான்” என்றார். பாராட்டா, விரட்டலா என்று தெரியாமல் கும்பிட்டுவிட்டு வந்தேன். என்னோடு கூடவே செத்துவரும் தோராகுமா மட்டும், “பொண்ணு ஆசையா கேட்டிருக்கு. அடுத்த ஜென்மத்துல கதாநாயகனாப் பொறந்துக்க, இனோ” என்றான். அவனுக்கு எதிலும் கேலிதான்.

போன வாரம் ஆற்றங்கரைச் சண்டை எடுத்தார்கள். இப்போது எடுக்கும் படத்தின் கடைசிச் சண்டை. தீயணைப்புக் குழாய் வைத்து மழை கொட்டுகிறது. இடையில் கேமராவை நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும் என்று நாகுராவின் பிடிவாதம். நனைந்த உடுப்புக்கு மாற்று கிடையாது, கலங்கிய சேறும் பழையபடி ஆகாது. அதனால் எவனாவது சொதப்பினால் அந்தக் காட்சியோடு அவன் பிழைப்பும் போச்சு. சண்டை மாஸ்டர் யாருக்கு அடுத்து யார் என்று காலையிலிருந்து மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். கடைசி ஆள் நான்.

எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு, நீ சின்ன வயதில் கேட்டிருப்பாய். கதாநாயகனின் வாள் வந்தால் விழுந்தே ஆக வேண்டும். வராமல் விழக் கூடாது. மூங்கிலில் வெள்ளித்தாள் ஒட்டிய வாள்தான், ஆனாலும் அது நம் பக்கம் திரும்பாமல் தானாக விழுகிறவனை எங்கள் ஆட்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடக்கூட விடமாட்டார்கள்.

சண்டை அமர்க்களமாகப் போனது. ஒவ்வொருத்தனாக விழுந்தான். தோராகுமா வழக்கம்போல் தேவைக்கு மேல் உருண்டு ஆற்றுக்குள்ளேயே போய்விட்டான். நான் கத்திக்கொண்டு பாய்ந்து, வாளை ஓங்கி, குசே ஐயாவுக்கு எதிரே நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வாள் வரவில்லை. நெற்றியில் மழை வழிய இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு, வாளை உறையில் போட்டுக்கொண்டார்! சண்டை முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். நானோ ஓங்கிய வாளோடு மரம் மாதிரி நிற்கிறேன், கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது.

கேமராவுக்குப் பின்னாலிருந்து சண்டை மாஸ்டர் ‘விழு, விழு’ என்று இரண்டு கையாலும் ஜாடை காட்டுகிறார். வெட்டுப்படாமல் எப்படி விழுவது? நின்றுகொண்டே இருந்தாலும் காட்சி பாழ். அந்த நேரம் பார்த்து உன் கடிதம் ஞாபகம் வந்தது, சாயோ. வாளை இறக்கினேன். அவரைப் பார்த்து இடுப்பு வளையக் கும்பிட்டேன். திரும்பி ஓட்டமெடுத்தேன்.

ஓடினதில் ஒரு கால் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. பாதி தூரம் போனவன் திரும்பி வந்து, அதைப் பிடுங்கி, அவருக்கு இன்னொரு கும்பிடு போட்டுவிட்டு மறுபடி ஓடினேன். ‘கட்’ சொன்னார்களா இல்லையா என்றே கேட்கவில்லை. அடுத்த அரங்கில் ஏதோ காதல் காட்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள், அதற்குள் புகுந்து வெளியேறி, ஸ்டூடியோ குளியலறையில் போய் ஒளிந்துகொண்டேன். அன்றோடு என் தொழில் முடிந்தது என்றே நினைத்தேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சொட்டச் சொட்ட நனைந்தபடி தோராகுமாதான் தேடி வந்தான். “எழுந்து வாடா, டைரக்டர் கூப்பிடுறாரு” என்றான். போனால், நாகுரா நாற்காலியில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். சிரிப்புச் சத்தம் பதிவாகிவிடக் கூடாதென்று துண்டை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாராம். “இத்தன வருஷமா குசே ஐயா வெட்டிக்கிட்டே வர்றாரு, ஓடிப் போலாம்னு ஒருத்தனுக்காவது தோணிச்சாய்யா? இந்த நாட்டுலயே புத்தியுள்ள அடியாள் நீ ஒருத்தன்தான்!” என்றார். காட்சியை அப்படியே வைத்துக்கொண்டார். போதாதென்று மறுநாள், ஓடிப்போனவன் ஒரு கடையில் மூச்சு வாங்கிக்கொண்டு நூடுல்ஸ் சாப்பிடுகிற மாதிரி ஒரு சின்னக் காட்சியும் எடுத்தார். என் முகம் மட்டும், திரை நிறைய. இத்தனை காலம் சினிமாவில் என் முதுகுதான் பிரபலம். அம்மாவிடம் சொன்னபோது, “மூஞ்சியைக் காட்டுவாங்கன்னு தெரிஞ்சிருந்தா ஷேவ் பண்ணிட்டுப் போயிருக்கலாமே!” என்று திட்டினாள். பிறகு அடுப்படியில் போய் அழுதாள். சந்தோஷ அழுகைதான்.

குசே ஐயாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். “நான்தான்யா மறந்துட்டேன். வயசாகுதில்ல” என்றார். நம்பிவிட்டேன். அவர் ஒரு வெட்டைக்கூட மறந்து நான் பார்த்ததில்லை, இருந்தாலும் நம்பிவிட்டேன். வாசல் தாண்டும்போது, “இனோ, பேரன் வேணுமா, பேத்தி வேணுமா?” என்று கேட்டார். நான் அவரிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லையே! வாசலுக்கு வெளியே பார்த்தால் தோராகுமா ஒன்றும் தெரியாதவன் மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

இத்துடன் உன் வயிற்றில் சுற்றிக்கொள்ள வெள்ளைத் துணி அனுப்பியிருக்கிறேன். ஐந்தாம் மாதத்தில் கட்டுகிற வழக்கப்படி, பஞ்சாங்கத்தில் அடுத்து வரும் நாய் நாளன்று கட்டிக்கொள். நாய் குட்டி போடுகிற மாதிரி சுலபமாகப் பெற்றெடுப்பாய். கடையில் புதிதாக வாங்கலாம் என்றுதான் அம்மா சொன்னாள். நான் விடவில்லை. சண்டைக்குப் போகும்போது நாங்களும் இதே துணியைத்தானே வயிற்றில் இறுக்கிச் சுற்றுகிறோம்? அன்று ஆற்றங்கரையில் நான் சுற்றியிருந்தது இது. அம்மா மூன்று தண்ணீரில் அலசி வெயிலில் காய வைத்தாள், சேறு வாசம் இருக்காது. ஓரத்தில் ‘நீண்ட ஆயுள்’ என்று தூரிகையால் எழுதியிருப்பது குசே ஐயாவின் கை. என்னை எத்தனையோ தடவை கொன்ற அதே கை.

படம் ஓபோன் பண்டிகைக்கு வருகிறது. எல்லோர் வீட்டுக்கும் செத்தவர்கள் வந்து போகிற அந்த நாட்களில், உங்கள் ஊருக்கு உன் அப்பா உயிரோடு வருகிறான். உடம்பு இடம் கொடுத்தால் போய்ப் பார். சம்பந்தியம்மாவையும் கட்டாயம் அழைத்துப் போ. மழை கொட்டத் தொடங்கியதும் அவர் உன் கண்ணைப் பொத்த வருவார். அந்தக் கையைப் பிடித்து உன் வயிற்றின் மேல் வைத்துக்கொள், இருவருமாகக் கண்ணைத் திறந்து பாருங்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இவ்வளவு அவசரமாக எங்கே ஓடுகிறான் இந்த ஆள் என்று அவர் கேட்டால், வடக்கே, பேரப்பிள்ளையைப் பார்க்க என்று சொல்.

நீயும் உன் வயிற்றிலிருப்பதும் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும்.

சாகாமல் காத்திருக்கும்
உன் அப்பா
இனோகிச்சி