அத்தானின் சிவப்பு ஜாவா

போட்லெசி,
மே மாதம், ஞாயிறு மாலை

அன்பும் அதைவிட அதிகப் பிடிவாதமும் உள்ள என் லிபுஷே அக்காவுக்கு, தங்கை யார்மிலா எழுதுவது.

இங்கே நாங்கள் நலம். உன் மகளும் பேரப்பிள்ளைகளும் கனடாக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்கிறார்களா? இந்தச் சேதியைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பிடிக்காத பேச்சு வந்தால், அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று சொல்லி நீ போனை வைத்துவிடுவாய். கடிதத்திடம் அந்தச் சாக்கு செல்லாது. உட்கார்ந்து கடைசிவரை படி.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஊருக்கு வா என்று கூப்பிடுகிறேன். நீயும் தவறாமல் அதே பதிலைச் சொல்கிறாய்.

"அவரோட ஜாவா என்னைக்கு ஓடுதோ, அன்னைக்கு வரேண்டி."

அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா என்கிற கதைதான் அது, எனக்குத் தெரியாதா? உன் வீட்டுக்காரர் வோய்தெக் அத்தான் இறந்துபோன பிறகு அவருடைய மோட்டார் சைக்கிளைக் கொட்டகைக்குள் தள்ளிப் பூட்டி, சாவியை என் கையில் திணித்துவிட்டு விமானம் ஏறியவள் நீ. அவர் கல்லறைக்குக் கல் வைத்ததைக்கூட இன்னும் நீ பார்க்கவில்லை. போன கிறிஸ்துமஸிலும் அதே பதில் வந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இருக்கட்டும், இவளை இவள் வாயாலேயே பிடிக்கிறேன் என்று முடிவு செய்தேன்.

பனி உருகியதும் கொட்டகையைத் திறந்தோம். வண்டியின் பக்கவாட்டில் மாட்டிய சைடு காருக்குள் என் கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. வண்டி சிவப்பு என்பதே தெரியவில்லை. என் வீட்டுக்காரர் போஹுமில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, சாவு வீட்டில் கழற்றுவதுபோலத் தொப்பியைக் கழற்றினார். பீர்க்கடை அலோயிஸுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது போலிருக்கிறது, உடனே வந்து நின்றான். கொடுத்துவிடு, கடைச் சுவரில் மாட்டிச் சுற்றிலும் விளக்குப் போடுகிறேன், ஓடாத வண்டிக்கு வேறு என்ன வேலை என்றான். ஓடாத புருஷன் ஒருவர் என் வீட்டிலும் இருக்கிறார், அவரைச் சுவரில் மாட்டிவிட்டேனா என்று கேட்டேன். போய்விட்டான்.

கிக்கர் அசையவே இல்லை. பிஸ்டன் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது. நான் தோட்டத்தில் இருந்த நேரம் பார்த்துப் போஹுமில் தன் வைத்தியத்தைக் காட்டினார். நம் ஊர் ஆண்களைத்தான் உனக்குத் தெரியுமே. பல்வலிக்கும் பிளம் சாராயம், முட்டிவலிக்கும் பிளம் சாராயம், ஞானஸ்நானத்துக்கும் சாவுக்கும் அதுவேதான். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக, விருந்தாளிக்குக்கூடக் காட்டாத தன் பழைய சாராயத்தை ஊற்றியிருக்கிறார். மிச்சம் மீதி இருந்த எண்ணெய்ப் பசையையும் அது கழுவிக்கொண்டு போக, பிஸ்டன் முன்பைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்றால், "அதுவும் நம்ம ஊர்ல ஓடின உடம்புதானேன்னு நெனச்சேன்" என்கிறார். நான் அதிகம் திட்டவில்லை, சாயங்காலம் வரைதான் திட்டினேன். பிறகு எல்லாவற்றையும் வடித்துவிட்டு, டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவிட்டோம்.

அது ஊறும்வரை பெட்ரோல் டேங்கைக் கவனித்தேன். உள்ளே ஒரே துரு. ஊறுகாய்க்கு வைத்திருந்த வினிகரையும் மாட்டுச் சங்கிலியையும் உள்ளே போட்டு, டேங்கைப் போர்வையில் சுற்றி, அலோயிஸ் வீட்டுக் கான்கிரீட் கலவை இயந்திரத்துக்குள் கட்டி நாள் முழுக்கச் சுழற்றினோம். துரு போய்விட்டது. சுற்றியது உன் கல்யாணத்துக்கு வந்த இறகுப் போர்வை. திட்டாதே, துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.

பிறகு ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் பாதித் தெரு நம் முற்றத்துக்கு வந்தது. வண்டியை இரண்டாவது கியரில் போட்டு முன்னும் பின்னுமாக ஆட்டினோம். மினுமினுக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு அலோயிஸும் தோள் கொடுத்தான். கைதான் வலித்தது, பிஸ்டன் மசியவில்லை. இதோடு விடு, யார்மிலா என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அழுகை முட்டியது. இது அசையவில்லை என்றால் நீயும் அசையமாட்டாய், எனக்குத் தெரியும். இன்னும் ஒரே தடவை என்று கெஞ்சினேன். தள்ளினார்கள். உள்ளே டக்கென்று ஒரு சத்தம், சக்கரம் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது.

கார்புரேட்டரைக் கழுவி, பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றினோம். போஹுமில் உதைத்தார், கிக்கர் திருப்பி அவர் முழங்காலில் உதைத்தது. நகருங்கள் என்று நான் போனேன். கியர் மிதியை உள்ளே அழுத்தி மடக்கினால் அதுவே கிக்கர் என்று, புல்வெளியில் வைத்து அத்தான் நம் இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்தாரே, நினைவிருக்கிறதா? நீ மாட்டேன் என்று சைடு காரில் ஏறி உட்கார்ந்துகொண்டாய். நான்தான் ஓட்டினேன். இப்போது உதைத்ததும் அதே கால்தான். வண்டி இரண்டு தடவை இருமியது, அப்புறம் பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுக்க நீலப்புகை. அத்தானின் பழைய தோல் சட்டை வாசனையேதான், அக்கா. நான் விம்மி விம்மி அழுதேன்.

இன்று மலைக்கோயிலில் வண்டிகளுக்கு மந்திரிக்கும் நாள். புது வண்டிக்காரர்கள் எல்லாரும் என்னை முந்திக்கொண்டு போனார்கள். அலோயிஸ் மட்டும் என் பின்னாலேயே வந்தான். நின்றால் தள்ளிக்கொண்டு வரத்தான் என்றான். கடைசி வளைவு எவ்வளவு செங்குத்து என்று உனக்குத் தெரியும். அங்கே இஞ்சின் திணறியது. முதல் கியருக்கு இறக்கினேன், ஏறிவிட்டது! மேலே பாதிரியார் வண்டிக்குத் தெளித்ததைவிட என் மூஞ்சியில் தெளித்த புனித நீர்தான் அதிகம். அலோயிஸ் ஹெல்மெட்டைக் கழற்றி, என் சுவர் காலியாகவே இருக்கட்டும் என்றான். ஊரே கை தட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இறங்கி வரும்போது கல்லறைத் தோட்டத்து வாசலில் நிறுத்தினேன். இஞ்சினை அணைக்கவில்லை. அத்தானுக்குக் கேட்டிருக்கும்.

இன்று சைடு காரில் யாரையும் ஏற்றவில்லை. போஹுமில் ஏறப் பார்த்தார், பின்னால் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டேன். கோழியை விரட்டி, இருக்கைக்குப் புதுத் தோல் தைத்து வைத்திருப்பது அவருக்காக இல்லை.

அத்தைக்கு மீசை முளைத்துவிட்டது, அக்கா. இனி நீதான் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும். பிளம் பழுப்பதற்குள் வா. கல்லறைத் தோட்டத்துக்குள் வா என்று கையைப் பிடித்து இழுக்கமாட்டேன். வாசல்வரை ஓட்டிவருகிறேன், இறங்குவதும் இறங்காததும் உன் இஷ்டம். நீ எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் சரி, இஞ்சினை அணைக்காமல் காத்திருப்பேன்.

கடவுள் உன் முட்டிக்கும் மனசுக்கும் பலம் கொடுக்கட்டும்.

உன் வாக்கை நம்பி மலை ஏறி வந்த தங்கை,
யார்மிலா