பள்ளிக்கூடம் போன கடிகாரம்

முனிரத்னா,

உன்னைக் கேட்காமல் அம்மாவின் கடிகாரத்தைப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்‌ஷனுக்கு இரவல் கொடுத்தது தப்புதான். ஒரு வாரமாக நீ பேசவில்லை. குழம்பில் உப்பும் போடவில்லை.

பள்ளிக்கு நல்ல ரிப்போர்ட் வந்திருக்கிறது. இன்று நாலு மணிக்குப் பெற்றோரைக் கூட்டி வாசிக்கிறார்கள். எனக்கு செகண்ட் ஷிப்ட், நீ போ. “ராஜப்பண்ணா, வகுப்பிலே கடிகாரம் இருக்குதுன்னு ஆபீசர் மெச்சி எழுதிட்டாருங்க. இப்ப எப்படித் திருப்பிக் குடுக்கறது?” என்று ஹெட்மாஸ்டர் தலையைச் சொறிகிறார். முடிவு உன்னுடையது. நான் வாயைத் திறக்க மாட்டேன்.

மணி தெரியாததால் இப்போதே சிப்காட் கிளம்புகிறேன். களி சட்டியில் இருக்கிறது.

அப்பா

பி.கு.: அம்மா போனதிலிருந்து பள்ளிக்கூடம் என்றாலே அழுத உன் தங்கை செல்லி, ஒரு வாரமாகத் தானே கிளம்பிப் போகிறாள். ஏன் என்று கேட்டேன். “அங்க அம்மா கடிகாரம் அடிக்குதுப்பா” என்றாள்.