வண்டிக்கு ஜாமீன்

என் செல்ல மகளுக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். உன் ஸ்கூட்டர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டது நான்தான் என்று டீக்கடையில் அளந்துகொண்டிருந்தேன். நிஜமாகவே போட்ட உன் சித்தப்பன் பின்பெஞ்சில் வடை தின்றுகொண்டிருந்தான். "எப்பண்ணே போட்டே? சொல்லவே இல்லியே" என்றான். கடையே சிரித்தது.

பேங்க் கேட்ட சம்பளச் சீட்டு அவனிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை. சரிதான். ஆனால் கோட்டையடியில் "வழுக்கை நிறைய இருக்குது சார்" என்று நான் சொன்னால், முன்பின் தெரியாதவனும் நம்பி இளநீர் வாங்குகிறானே!

"மாசாமாசம் தவறாம கட்டுனா பேங்க்ல எனக்குன்னு மார்க் ஏறும் நைனா. நாளைக்கு வீட்டு லோன் கேட்டா யோசிக்காம தருவான்" என்றாய். குளிர்ந்துபோனேன். அந்த நல்ல பெயருக்குப் பக்கத்தில் சித்தப்பன் பெயர் இருப்பதுதான் வயிற்றெரிச்சல். வீட்டுக் கடனுக்கு யாருடைய ஜாமீனும் வேண்டாம் என்கிற அளவுக்கு மார்க் வாங்கிவிடு. அப்போது அவனும் நானும் சமம்.

நீ டிரெயினிங் முடித்து வரும்வரை வண்டியை நான்தான் துடைக்கிறேன். அவனைத் தொட விடுவதில்லை. இன்று துடைக்கும்போது, தொலையக்கூடாது என்று இரண்டு சாவியையும் வண்டி சீட்டுக்கு அடியில் வைத்து மூடினேன். சீட்டு பூட்டிக்கொண்டது. ஷோரூமில் கேட்டேன். நீ ஊரில் இல்லாததால், கடன் பேப்பரில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் நேரில் வந்தால்தான் திறப்பார்களாம்.

சித்தப்பன் நாளை வருகிறான்.

இப்படிக்கு,
உன் நைனா