தனித் தாளில் ஒரு சாண்ட்விச்

இன்று காலை, ரூட் ஒன் சாலையோரத்து டெலியில், அந்த சாண்ட்விச் கடையில், வினிகரும் ஓரிகானோவும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் நிற்பதாகவே தோன்றியது. "க்ளவுஸ் மாத்திட்டு, கத்தியையும் கழுவிட்டு வெட்டுங்க" என்று கடைக்காரரிடம் சொன்னேன். ஆமாம் தாயே, நானேதான்! நீ இதைக் கேட்கும்போதெல்லாம் உன்னோடு வந்தவளே இல்லை என்பதுபோல் சிப்ஸ் பாக்கெட்டுகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பேனே, அதே நான்.

மான்மவுத் ஜங்ஷனில் ஒரே ஆபீஸ், அடுத்தடுத்த மேஜை. நீ கீழக்கரை, நான் மதுரை. பன்றி இறைச்சி வெட்டிய கத்தி உன் ரொட்டியில் படக் கூடாது. நானோ எதையும் விட்டுவைக்காதவள். அந்த நீள ரொட்டி சாண்ட்விச்சின் மேல் உனக்கு அப்படி என்ன ஆசையோ! ஃபிலடெல்ஃபியாவில் முதல் வேலை பார்த்த தோரணையில் அதை ஹோகி என்பாய். இங்கே எல்லாரும் சப் என்கிறார்களே என்றால் ஒத்துக்கொள்ள மாட்டாய்.

"நியூயார்க் போனா ஹீரோ, கனெக்டிகட் போனா கிரைண்டர். எல்லாம் ஒண்ணுதான் புள்ள. இத்தாலியில இருந்து வந்தவங்க வேலைக்குக் கட்டிட்டுப் போன கட்டுச்சோறு."

கப்பல் கட்டும் தளத்து வேலைக்காரர்களால் வந்த பெயர் ஹோகி, நீர்மூழ்கிக் கப்பல் போல இருப்பதால் சப், முழுசாகத் தின்று முடிப்பவன் ஹீரோ என்று ஒவ்வொரு கதையாகச் சொல்லிவிட்டு, "எது நெசம்னு அந்த ரொட்டிக்கே தெரியாது" என்று சிரிப்பாய்.

அந்தக் கதைகளை நான் திருடினேன். டீம் லஞ்சுக்கு ஆர்டர் பண்ணும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, எல்லாவற்றையும் நானே கண்டுபிடித்ததுபோல் ஈமெயிலில் எழுதி அனுப்பினேன். மேனேஜர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. லஞ்ச் வந்து மூடியைத் திறந்தபோதுதான் பார்த்தேன். ஒரே தட்டு, ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஹாம், அதாவது பன்றி இறைச்சி. ஓரத்தில் இருந்த நாலு சீஸ் துண்டுகளும் அதே கத்தியில் வெட்டப்பட்டு ஹாமின் மேலேயே சாய்ந்து கிடந்தன. அத்தனை பெயர்களையும் யோசித்தவள் உன்னை யோசிக்கவில்லை.

நீ எடுத்துக்கொள்ளவில்லையா என்று மேனேஜர் கேட்டார். கொஞ்சமும் தயங்காமல், இன்றைக்கு நோன்பு என்றாய். காலையில் என்னோடு டீ குடித்தவள்!

சாயங்காலம் காரில், "ஏன்டி அப்படிச் சொன்ன?" என்றேன்.

"எல்லாரும் உன்னையப் புகழ்ந்துட்டு இருந்தாங்க. நடுவுல நான் எதுக்குக் குட்டையக் குழப்பணும்?"

லஞ்சிலிருந்து அதுவரை நீ தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. கேட்டதற்கு, "பொய் சொன்னதுக்குப் பசியாச்சும் கெடக்குறேன்" என்றாய். மன்னிப்புக் கேட்கும் வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. "சரி வா, பிரியாணி சாப்பிடலாம்" என்று மழுப்பிவிட்டேன்.

பிறகு நீ டெக்சாஸுக்கு, ஃபிரிஸ்கோவுக்குக் குடிபோனாய். ஃபோனில் எத்தனையோ பேசினோம், அதை மட்டும் பேசவில்லை. நீ மௌத்தாகிவிட்டாய், இனி இல்லை என்று உன் மகள் சொன்னதும் அதே ஃபோனில்தான். ஒரு ஸாரி சொல்ல இத்தனை வருஷம் போதவில்லை எனக்கு. வெட்கமாக இருக்கிறது.

இன்றைக்கும் டீம் லஞ்ச்தான், ஆர்டர் பண்ணுவதும் நான்தான். மற்றதில் கைவைக்கும் முன்பே, கழுவிய கத்தியில் வெட்டிய ஒரு சீஸ் ஹோகி. சப்பா என்று கடைக்காரர் திருத்தினார்; நான் விட்டுக்கொடுக்கவில்லை. தனித் தாளில் சுற்றித் தனிப் பையில் போட்டுவிட்டு, யார் பெயரை எழுதுவது என்றார். எழுத வேண்டாம் என்றேன்.

இப்போதைய டீமில் யாருக்கும் அது தேவையில்லை. பெரும்பாலும் கடைசியில் நானே தின்று தீர்க்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் வாங்குகிறேன். பசியை வைத்துக்கொண்டு, என் மானத்தைக் காப்பாற்ற, இனி எவளும் என் எதிரே நோன்பு என்று சொல்லிவிடக் கூடாது.