பூண்டு ஊறுகாய் வாளி

புதன், இரவு.

வாளியைப் பற்றி எழுதாமல் தூக்கம் வராது போலிருக்கிறது.

சென்னீர்குப்பத்துக் காயலான் கடையில் வாங்கியது. பூண்டு ஊறுகாய் இருந்த பெரிய பிளாஸ்டிக் வாளி. உப்புநீரில் நெல்லிக்காய் புளிக்கவைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் வாடை போகவே இல்லை. சோடா மாவு, வினிகர், எலுமிச்சைத் தோல் என்று பத்து நாளாகத் தேய்த்தேன். பகலெல்லாம் மொட்டைமாடி வெயிலில் காயவைப்பேன். தூசி விழாமலிருக்க மாலையில் இறுக்கி மூடுவேன். காலையில் திறந்தால் மறுபடியும் பூண்டு. வாங்கிவைத்த ஐந்து கிலோ நெல்லிக்காய் வேறு வாடத் தொடங்கிவிட்டது.

இன்று மாடி பெருக்க வந்த கஸ்தூரி அக்கா, "இன்னா சார், டெய்லி இத்தையே கழுவிகினு கீறே?" என்றார். சொன்னேன். அவர் வாளியைத் தொடவே இல்லை. மூடியைத் திருப்பினார். கொண்டையிலிருந்த ஹேர்பின்னை உருவி, விளிம்பிலிருந்த ரப்பர் வளையத்தை நெம்பி எடுத்தார்.

"மோந்து பாரு சார். வாடை இங்க கீது. நைட்டு மூடி வச்சா திரும்ப ஏறாதா? இத்த தூக்கிப் போடு. வாய்க்கு வெள்ளத் துணில வேடு கட்டு, போதும்."

என்ன மூளை! நானும் இன்ஜினியர்தான். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"ஊறுகா கம்பெனில வேலை செஞ்சேன் சார். சோப்பு போட்டா வெரல்ல வாடை போயிடும். மோதிரத்துக்கு அடில போவாது."

மாலையே நெல்லிக்காயைப் போட்டு வேடு கட்டிவிட்டேன்.

இதை எழுதும்போதுதான் தோன்றியது. என் மோதிரத்தைக் கழற்றி முகர்ந்து பார்த்தேன்.

பூண்டு.